திரும்பலாம் என்று சொல்ல ஓர் ஆள்

நியூசிலாந்தின் வடதீவில் இருக்கும் டோங்கரீரோ ஆல்பைன் கிராஸிங் பற்றிப் பேச்சு வந்தால் உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு. “வருஷத்துக்கு லட்சம் பேருக்கு மேல் நடக்கிற தடம். வழி நெடுகக் கம்பம் நட்டிருக்கிறார்கள். இதற்குப் போய் எதற்குக் காசு கொடுத்து கைடு?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோடையில், வானம் வெளுத்திருக்கும் நாளில், அந்தத் தடத்தில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகுப்பையைப் பார்த்தபடி நடந்தாலே மறுமுனைக்கு வந்துவிடலாம். கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், “பாதுகாப்புக்கு”. இந்தப் பதில் எனக்கு எப்போதும் உறுத்தல்தான். எதிலிருந்து பாதுகாப்பு, எந்த இடத்தில், என்ன செய்து என்பதை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கைடு என்பவர் வழிகாட்டிப் பலகைக்குக் கைகால் முளைத்த மாதிரி ஆகிவிடுகிறார். பலகைக்கு யார்தான் காசு கொடுப்பார்கள்?

விஷயம் பாதையின் வடிவத்தில் இருக்கிறது. இது ஏறிய வழியே இறங்கும் மலை கிடையாது. மேற்குப் பக்கம் மங்கடேபோபோவில் தொடங்கி, எரிமலைகளுக்கு இடையே புகுந்து, வடக்குப் பக்கம் கெடெடாஹியில் முடியும் ஒருவழித் தடம். நீளம் சுமார் 20 கிலோமீட்டர். தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,120 மீட்டர். உச்சம் ரெட் கிரேட்டர் என்ற எரிமலை வாயின் விளிம்பு, சுமார் 1,870 மீட்டர். அங்கிருந்து மறுபக்கம் 1,100 மீட்டர் இறங்க வேண்டும். கோடைக்காலத்தில் மங்கடேபோபோவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்த முடியாது. அதனால் பெரும்பாலானவர்கள் காலையில் ஷட்டில் வண்டியில் வந்து இறங்குகிறார்கள். மாலையில் அதே வண்டி மறுமுனையில் காத்திருக்கும். வசதியான ஏற்பாடு, சிக்கலும் அதிலேதான். காசு கொடுத்த வண்டி மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்ற நினைப்பு, நடக்கிறவரை நாள் முழுக்க அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும்.

ரெட் கிரேட்டர் விளிம்பில் மூச்சு வாங்கி நிற்பவர்கள் “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனித் திரும்புவதா” என்பார்கள். தூரத்தைக் கணக்குப் போட்டால் அதுவரை வந்தது சுமார் 8 கிலோமீட்டர், இன்னும் போக வேண்டியது சுமார் 12. ஐந்தில் இரண்டு பங்குதான் தாண்டியிருக்கும். உச்சியைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று உடம்பு நம்பிவிடுகிறது. ஏற்றம்தான் கஷ்டம், இறக்கம் சும்மா என்ற பழைய நினைப்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

தெற்குப் பள்ளத்தில் ஒரு கால் மணி

தொடக்கத்தில் சொல்ல அதிகம் இல்லை. மங்கடேபோபோ பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டி, பலகைப் பாலங்கள் மேலும் பழைய எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு இடையிலும் மெல்ல உயரும் நடை. சோடா ஸ்பிரிங்ஸ் வரை ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். அதற்கப்புறம் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் எனப்படும் படிக்கட்டு ஏற்றம். அந்தப் பகுதியில் ஒரு பலகை நேரடியாகவே கேட்கும்: வானிலை சரியாக இருக்கிறதா, சரியான உடுப்பும் சாமானும் இருக்கின்றனவா, உடம்பில் தெம்பு இருக்கிறதா, ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் திரும்பிப் போங்கள். நல்ல பலகைதான். ஆனால் பலகைக்குக் கண் கிடையாது. அதைப் படிப்பவர் யாரும் தனக்குத் தெம்பில்லை என்று ஒப்புக்கொண்டு திரும்புவதில்லை. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறார்கள்.

படிகள் முடிந்ததும் சவுத் கிரேட்டர், அதாவது தெற்குப் பள்ளம். பேர்தான் கிரேட்டர், உண்மையில் அது எரிமலை வாயே இல்லை. சுற்றியுள்ள எரிமலை மேடுகளுக்கு நடுவே தண்ணீரும் சேறும் வடிந்து நிரம்பிய ஒரு தட்டையான கிண்ணம். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் சமதளம். வலது பக்கம் கூம்பு மாதிரி நௌருஹோய் எரிமலை நிற்கும். ஏறிய களைப்புக்குப் பிறகு கால் நீட்டி நடக்கக் கிடைக்கும் இடம் என்பதால் எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். நல்ல கைடு மட்டும் இங்கே வேகத்தைக் குறைப்பார். கால் மணி நேரம் நிறுத்துவார், ஏதாவது சாப்பிடச் சொல்வார், ஜாக்கெட்டை எடுத்துப் போடச் சொல்வார். பார்ப்பவருக்கு அது ஓய்வு மாதிரிதான் தெரியும். அவர் அந்த நேரத்தில் ஆட்களைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

கவனிப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஜிப்பை ஒரே இழுப்பில் மூட முடிகிறதா, விரல்கள் தடுமாறுகின்றனவா? காலையில் வாய் ஓயாமல் பேசிய ஆள் இப்போது ஏன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார்? தண்ணீர் குடித்திருக்கிறாரா, பாட்டில் அப்படியே இருக்கிறதா? உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது முழங்காலில் கை ஊன்றுகிறாரா? மேலே விளிம்பில் மேகம் எந்த வேகத்தில் ஓடுகிறது? மணி என்ன? ஏழு மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஒன்பதரை வாக்கில் இங்கே இருந்தால் சரி. பதினொன்று ஆகிவிட்டது என்றால், அந்த வேகத்தில் மறுமுனைக்குப் போய்ச் சேர மாலை ஐந்து, ஆறு ஆகும். அதற்குள் வண்டி கிளம்பியிருக்கும், கால்களும் கெஞ்சிக்கொண்டிருக்கும்.

மலைநடை நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக இன்னொரு மணி நேரம். இந்தத் தடத்துக்குப் போட்டால் 20 கிலோமீட்டருக்கு 4 மணி நேரம், சுமார் 800 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடம். நிற்காமல் நடந்தால் ஐந்தேகால், ஐந்தரை. சாப்பாடு, படம், சரளையில் வழுக்கல், கழிப்பறை வரிசை எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ஏழு மணி நேரத்துக்கு மேல் வரும். பழக்கமில்லாதவருக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

முடிவை ஏன் இங்கேயே எடுக்க வேண்டும், ரெட் கிரேட்டரில் எடுத்தால் ஆகாதா? காரணம் இருக்கிறது. தெற்குப் பள்ளம் ஓரளவு மறைவான கிண்ணம். காற்று முழு பலத்தோடு அடிக்காது, பேசினால் காது கேட்கும். அதைத் தாண்டியதும் வருவது இருபுறமும் திறந்த ஒடுக்கமான முகடு, காலடியில் உதிரிக் கல். மேற்கிலிருந்து வரும் காற்று அங்கே இடுக்கில் புகுந்த மாதிரி வேகம் கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், 60-இல் தவழ வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ஆறு பேரை நிறுத்தி வைத்து, “திரும்பலாமா?” என்று ஆலோசனை நடத்த முடியாது. அதையும் தாண்டி மறுபக்கச் சரளையில் மரகத ஏரிகள் எனப்படும் பச்சை ஏரிகளை நோக்கி இறங்கிவிட்டால், திரும்பி வருவது என்பது ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும் வேலை. கதவு அங்கே சாத்திக்கொள்கிறது.

ஆகவே கைடுக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் என்பது என் கட்சி. உடன் வந்த நண்பர் “திரும்பலாம்” என்றால் சண்டை வரும். வீட்டுக்காரர் சொன்னால் ஊர் திரும்பும் வரை பேச்சு வார்த்தை இருக்காது. முன்பின் தெரியாத, அந்த மலையையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் ஆள் சொன்னால், முணுமுணுத்தாலும் கேட்டுக்கொள்வோம். அவருக்கு நம் விமான டிக்கெட் எவ்வளவு என்று தெரியாது, விடுமுறை எத்தனை நாள் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு சங்கதியும் உண்டு. திரும்பி வரும் கூட்டத்தை ஏற்றிக்கொள்ள மங்கடேபோபோவுக்கு வண்டியை வரவழைக்கும் ஏற்பாடு கைடிடம் இருக்க வேண்டும். அது இல்லாத கைடு “திரும்பலாம்” என்று சொல்லத் தயங்குவார். முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் முதல் கேள்வி இதுதான்.

குளிர்க் கணக்கு

வெயில் நாட்டிலிருந்து போகிறவர்கள் ஏமாறும் இடம் இது. வெப்பநிலை ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். வண்டி நிறுத்தத்தில் 10 டிகிரி என்றால் ரெட் கிரேட்டரில் 5 டிகிரி. அதில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று சேர்ந்தால் தோலுக்கு அது மைனஸ் 2 மாதிரி உறைக்கும். இதோடு மழையில் நனைந்த ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் சேர்ந்தால் உடம்பு சூட்டை இழக்கும் வேகத்தை நடையால் ஈடுகட்ட முடியாது. பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. சென்னை வெயிலில் அது வரம், இங்கே அதுவே ஆபத்து. அடியில் மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ, நடுவில் ஃப்ளீஸ், மேலே தையல் இடுக்கில் டேப் ஒட்டிய மழை ஜாக்கெட், மழைக் கால்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை. ஜனவரி மாதக் கோடையிலும் இதில் எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. 2007-இல் தடத்தின் பெயரில் ‘ஆல்பைன்’ என்ற சொல்லைச் சேர்த்ததே, இது பூங்கா உலா கிடையாது என்று உணர்த்தத்தான்.

உடுப்பை எப்போது போடுவது என்பதும் முக்கியம். ஏறும்போது குளிரட்டும் என்று ஒரு அடுக்கு குறைவாக நடக்க வேண்டும், நின்ற உடனே, வியர்வை ஆறுவதற்குள் மேல் அடுக்கைப் போட வேண்டும். குளிர் எடுத்த பிறகு போட்டால் உடம்பு மறுபடி சூடாக நேரம் பிடிக்கும்.

தண்ணீர் இரண்டிலிருந்து மூன்று லிட்டர், எல்லாம் முதுகில். வழியில் ஓடைகள் இருந்தாலும் எரிமலைத் தாதுக்கள் கலந்த தண்ணீர், குடிக்க உதவாது. சாப்பாடு கையுறையைக் கழற்றாமல் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். பிசைந்து சாப்பிடும் சாதமெல்லாம் அந்தக் காற்றில் நடக்காது. ஊரிலிருந்து கடலை மிட்டாய், முறுக்கு கொண்டு போகிறவர்கள் விமான நிலையத்தில் வருகைப் படிவத்தில் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். பழைய மலைநடை பூட்ஸையும் எழுத வேண்டும், அதன் அடியில் மண் துளியும் ஒட்டியிருக்கக் கூடாது. எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கழிப்பறைகள் சில இடங்களில்தான் உண்டு, காகிதம் நம் பையில் இருக்க வேண்டும்.

சரளை, ஏரி, முழங்கால்

ரெட் கிரேட்டரின் உட்சுவர் துருப்பிடித்த இரும்பு நிறத்தில் இருக்கும். தரையில் கை வைத்தால் வெதுவெதுப்பு, மூக்கில் கந்தக நெடி. அங்கிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பதுதான் காரணம். பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலைத் தாண்டிப் போய்விடும், கால் முன்னே வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுவோம், ஊன்றிய மணிக்கட்டு முறியும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். இடுப்பைக் கால்களுக்கு நேர் மேலே வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலைச் சரளைக்குள் குத்தி இறக்க வேண்டும். கல் ஒரு சாண் நகர்ந்து தானே நிற்கும். அது நின்ற பிறகு அடுத்த அடி. முன்னால் போகிறவருக்கு நேர் பின்னே இறங்கக் கூடாது, நம் காலடிக் கல் அவர் கணுக்காலுக்குப் போகும். கைத்தடி இருந்தால் இறக்கத்தில் ஐந்து, பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளலாம்.

ஏரிகளின் பச்சை, ரெட் கிரேட்டர் பக்கத்திலிருந்து கரைந்து வரும் தாதுக்களால் வந்தது. தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது. அதைத் தொடாமல் இருக்கச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. இந்த மலைகள் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் தூஃபாரெடோவா என்ற பிரிவினருக்குப் புனிதமானவை. 1887-இல் அவர்களுடைய தலைவர் நான்காம் தே ஹெயுஹெயு தூகினோ சிகரங்களை அரசிடம் ஒப்படைத்ததுதான் இந்தத் தேசியப் பூங்காவின் தொடக்கம். யுனெஸ்கோ 1990-இல் இயற்கைக்காகவும் 1993-இல் பண்பாட்டுக்காகவும் இதைப் பட்டியலில் சேர்த்தது. அடுத்து வரும் நீல ஏரிக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும், நௌருஹோய் சிகரத்தில் ஏறுவதும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கோயில் தெப்பக்குளத்தில் கால் நனைக்கும்போதுகூடச் செருப்பைக் கழற்றுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீல ஏரியைத் தாண்டியதும் தொடங்குவது நீண்ட இறக்கம். புல்வெளிச் சரிவில் வளைந்து வளைந்து, பிறகு காட்டுக்குள் படி படியாக. கண்ணுக்கு முடிவு தெரியும், காலுக்கு வராது. முழங்காலுக்கு மேலே தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது, மறுநாள் படி இறங்க முடியாமல் போவது அதனால்தான். கால் நகம் கறுத்துப் போவதும் இங்கேதான். முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இறக்கம் தொடங்கும் முன் நின்று, பூட்ஸ் நாடாவைக் கணுக்கால் வளைவில் இறுக்கிக் கட்டினால் விரல்கள் முன்னே போய் இடிக்காது. இரண்டு நிமிட வேலை, கைடு சொல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் செய்ய மாட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. மேலே தெ மாரி என்ற எரிமலை வாய் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 6 இரவு அது வெடித்தபோது பறந்து வந்த பாறைகள் கெடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. அது குளிர்கால நள்ளிரவு. அதே வருஷம் நவம்பர் 21 மதியம் மறுபடி வெடித்தபோது, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆட்கள் தடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது மின்னணுப் பலகைகள் இருக்கின்றன, சிவப்பு விளக்கு எரிந்தால் திரும்ப வேண்டும். நாட்டின் எரிமலை எச்சரிக்கை அளவு 0 முதல் 5 வரை, எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் இணையதளத்தில் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

பனிக்காலம் வேறு மலை

மேலே சொன்ன “கைடு எதற்கு” கேள்வி கோடைக்குத்தான் பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை கம்பங்களே பனியில் புதையலாம். படிக்கட்டு இருந்த இடம் பனிக்கட்டிச் சறுக்குப் பலகை ஆகும். ரெட் கிரேட்டரைச் சுற்றிய சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் உண்டு. கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஹெல்மெட், அபாயம் உள்ள நாளில் பனியில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்சீவர், துழாவுகோல், மண்வாரி என்று சாமான் பட்டியலே மாறிவிடும். சங்கிலி கோத்த ரப்பர் உறையைப் பூட்ஸில் மாட்டிக்கொண்டு அதையே கிராம்பான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சமதளப் பனிக்கு அது போதும், சரிவில் அது கழன்றுவிடும்.

நல்ல கைடு அரை மணி நேரம் ஒதுக்கி, ஆபத்தில்லாத சிறு சரிவில் பாடம் நடத்துவார். பாதம் முழுக்கத் தட்டையாகப் பதிய வேண்டும், எல்லா முட்களும் இறங்க வேண்டும். கால்களைச் சற்று அகட்டி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலின் முள் மற்றக் காலின் துணியில் மாட்டி ஆள் குப்புற விழுவார். ஐஸ் ஆக்ஸ் எப்போதும் மேட்டுப் பக்கக் கையில். சறுக்கினால் குப்புறப் புரண்டு, ஆக்ஸின் தலையைத் தோளருகே பிடித்து, நெஞ்சின் எடையை அதன் மேல் போட்டு அழுத்த வேண்டும். முதல் இரண்டு நொடியில் செய்தால்தான் பலிக்கும், வேகம் எடுத்த பிறகு முடியாது. கிராம்பான் மாட்டியிருந்தால் பாதத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும், முள் பனியில் குத்தினால் உடம்பு குட்டிக்கரணம் அடிக்கும். இந்தப் பாடத்தை வேகமாக முடித்துவிட்டு “போகலாம், போகலாம்” என்பவர் சரியான ஆள் இல்லை. ஜூனில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதால், மரகத ஏரியோடோ அதற்கும் முன்போ வந்த வழியே திரும்புவதாக முதலிலேயே திட்டம் போட்டுப் போகும் கூட்டங்களும் உண்டு.

காசு கொடுக்கும் முன்

ஷட்டில் ஓட்டுநர் கைடு கிடையாது. மலை பற்றி நாலு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். பூங்காவுக்குள் கைடு தொழில் நடத்த அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அனுமதி வேண்டும், அது இருக்கிறதா என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர், இருக்கும் இடத்தை மீட்புக் குழுவுக்குத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் சமிக்ஞைக் கருவி கையில் இருக்குமா, வானிலை கெட்டால் பணம் திரும்ப வருமா வேறு நாள் தருவார்களா, பாதியில் ஒருவருக்கு மட்டும் முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நிறுவனத்தை எடை போட்டுவிடலாம். “அப்படி ஆகாது” என்று சிரித்தால் வேறு இடம் பார்க்கலாம். இரண்டாவது கைடு வருவார், அல்லது எல்லோரும் சேர்ந்து திரும்புவோம் என்று தெளிவாகச் சொன்னால் கொடுத்துவிடலாம்.

விபத்துக் காயத்துக்கான சிகிச்சை, பயணிகளுக்கும் சேர்த்தே, நியூசிலாந்து அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டமான ஏசிசியில் வரும். நோய்க்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் அது உதவாது, பயணக் காப்பீடு தனியாக வேண்டும். அவசர எண் 111, தடத்தில் கைபேசிச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

பயணத் திட்டம் போடும்போது அந்தப் பகுதியில் ஒரே ஒரு நாளை ஒதுக்கினால், மேலே சொன்ன எந்தக் கைடும் அந்த நாளைக் காப்பாற்ற முடியாது. மூன்று நாள் வைத்து, வானிலை சொல்லும் நாளில் நடப்பதே வழி. தெற்குப் பள்ளத்திலிருந்து திரும்பினாலும் நாள் வீணாகாது. இறங்கும் வழியில் சோடா ஸ்பிரிங்ஸ் அருவிக்குப் பிரியும் கிளைப்பாதையில் கால் மணி நேரம் போய் வரலாம். பிறகு ஃபாகபாபா கிராமத்திலிருந்து தரனாகி அருவிக்கு ஒரு சுற்று, ஆறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இருபது மீட்டர் உயரத்திலிருந்து பழைய எரிமலைக் குழம்பின் விளிம்பு வழியே தண்ணீர் விழும். முகட்டிலிருந்து விரட்டிய மழை அங்கே அருவியில் சேர்ந்து கொட்டிக்கொண்டிருக்கும்.